லேப்டாப் ஸ்க்ரீன ஃபுல் எச்டி ஆக்கணுமா? முதல்ல கழட்டிப் பாருங்க, பிறகு காசு குடுங்க

நம்ம மலைநாட்டுப் பக்கம் ஏ/எல் படிக்கிற புள்ளைங்க கையில இருக்கிற செகண்ட் ஹேண்ட் லேப்டாப் நெறைய 1366க்கு 768 (எச்டி) ஸ்க்ரீனோட தான் வருது. பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப் தொறந்து ஒரு முழுப் பக்கத்த வச்சா, ணுவும் ஞாவும் சுழி எல்லாம் அடைஞ்சு போய் கரும்புள்ளியா தெரியும், எழுத்துக்கு மேல இருக்கிற புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியாது. அதே 14 இன்ச்ல 1920க்கு 1080, அதாவது ஃபுல் எச்டி பேனல் (ஸ்க்ரீன் தகடு) போட்டா பிக்சல் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி, மெஷின் நல்லா இருந்தா இந்த வேலைய கட்டாயம் செய்யலாம்.

ஆனா ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ இருந்துகிட்டு கொழும்பு யூனிட்டி பிளாசா கடைக்கு ஃபோன் போட்டு "14 இன்ச் ஃபுல் எச்டி ஒன்னு அனுப்புங்க அண்ணே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தப்பான பேனல் வந்தா திருப்பி அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும், வழியில கண்ணாடி உடைஞ்சா யாரும் பொறுப்பெடுக்க மாட்டாங்க.

அதனால முதல்ல பழைய பேனல கழட்டி (கழட்டுற விதம் கீழ இருக்கு, அத படிச்சுட்டு கை வைங்க) பின்னால இருக்கிற ஸ்டிக்கர பாருங்க. எல்பி140டபிள்யூஎச்னு இருந்தா அது எல்ஜியோட 14 இன்ச் எச்டி, எல்பி140டபிள்யூஎஃப்னா ஃபுல் எச்டி. ஏயூஓங்கிற கம்பெனி பேனல்ல பி140எக்ஸ்டிஎன் எச்டி, பி140எச்ஏஎன் ஃபுல் எச்டி ஐபிஎஸ் (பக்கத்துல இருந்து பாத்தாலும் கலர் மாறாத வகை). ஸ்டிக்கரையும் கனெக்டரையும் கிட்ட வச்சு ஃபோட்டோ எடுங்க, ஸ்க்ரூ மாட்டுற காது மேல கீழயா, பக்கவாட்டுலயா, இல்லவே இல்லையான்னும் எடுத்துக்கங்க. கடைக்காரருக்கு அந்த ஃபோட்டோவே அனுப்பிருங்க.

இப்ப முக்கியமான விஷயம், பின், அதாவது கனெக்டர்ல இருக்கிற முனைங்க. ஈடிபி (ஸ்க்ரீனுக்கு படம் போற புது முறை) பேனல்ல சாதாரணமா 30 பின், டச் உள்ளயே இருக்கிறதுலயும் 120, 144 ஹெர்ட்ஸ்லயும் 40 பின் வரும். அதுக்கு முந்தின பழைய முறையான எல்விடிஎஸ்லயும் 40 பின் இருக்கு, ஆனா அது வேற சாதி, ரெண்டும் சேராது. லெனோவோ திங்க்பேட் டி430 எல்விடிஎஸ், அதுக்கு ஃபுல் எச்டி போட தனியா ஒரு அடாப்டர் போர்ட் வேணும், டி440பில இருந்து ஈடிபி. பின் ஒத்துப் போனாலும் கேபிள விட்டுறாதீங்க, எச்டிக்கு ஒரு லேன் (படத் தகவல் போற ஒரு ஜோடிக் கம்பி) போதும்னு பல மாடல்ல கேபிள்ல ஒன்ன மட்டும் தான் இழுத்திருப்பாங்க, ஃபுல் எச்டிக்கு பொதுவா ரெண்டு லேன் வேணும். உங்க மாடல் ஃபுல் எச்டியோடயும் வித்ததான்னு பாருங்க, வித்திருந்தா அந்த கேபிள் தனியா கிடைக்கும், பேனலோட சேர்த்தே கேளுங்க.

வேலைய உச்சி நேரத்துல வைங்க. நுவரெலியா காலைக் குளிர்ல பிளாஸ்டிக் விறைச்சுப் போய் பெசல் (ஸ்க்ரீன சுத்தி இருக்கிற சட்டம்) கிளிப் படக்குன்னு உடையும். குளிர்ல வந்த பார்சல அடுப்படி சூட்டுக்குள்ள உடனே பிரிச்சா பேனல் மேல ஈரம் பூத்துரும், அதனால பிரிக்காம கொஞ்ச நேரம் ரூம்லயே வைங்க.

சார்ஜர கழட்டுங்க, பேட்டரியையும் கழட்டுங்க, உள் பேட்டரின்னா அடி மூடிய தொறந்து அதோட பிளக்க எடுங்க. இத தாண்டிப் போகவே கூடாது, கரண்ட் இருக்கும்போது கேபிள சொருகினா போர்ட்ல பேக்லைட் (ஸ்க்ரீனுக்கு வெளிச்சம் குடுக்கிறது) ஃபியூஸ் போயிரும், பிறகு புது பேனலும் இருட்டா தான் இருக்கும். பெசல் ரப்பருக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அத எடுத்துட்டு பழைய பேங்க் கார்ட் விட்டு மெல்ல நெம்புங்க. பேனல கீபோர்ட் மேல துணி விரிச்சு கவுத்துங்க. கனெக்டர்ல இருக்கிற டேப்ப உரிச்சா மெல்லிசா ஒரு கம்பி லாக் தெரியும், சில மாடல்ல அது இருக்காது, இருந்தா நகத்தால தூக்கிட்டு கேபிள பேனலோட ஒட்டினாப்ல படுக்கையா இழுங்க, மேல்பக்கமா தூக்கினா கனெக்டரே பிஞ்சிரும்.

புதுச மாட்டினதும் ஸ்க்ரூ போடாம, மேல இருக்கிற பிலிமையும் உரிக்காம, பேட்டரிய மாட்டி ஆன் பண்ணுங்க. வெள்ள, கருப்பு, சிவப்புன்னு முழு ஸ்க்ரீனுக்கும் கலர் போட்டு செத்த புள்ளி இருக்கான்னு பாருங்க, பிலிம் அப்படியே இருந்தா தான் கடையில மாத்தித் தரச் சொல்லிப் பேசலாம். டிரைவர் ஒன்னும் தேவையில்ல, விண்டோஸே கண்டுபிடிச்சுரும். எழுத்து பொடிசா தெரிஞ்சா ஸ்கேலிங் 125 சதவீதம் வைங்க, தமிழுக்கு அது தான் சரியா வருது. எல்லாம் சரின்னா திரும்ப ஆஃப் பண்ணி பேட்டரிய கழட்டிட்டு ஸ்க்ரூ போடுங்க. பழைய பேனல புதுசு வந்த பெட்டியிலயே போட்டு வைங்க, அதே மாடல்ல ஸ்க்ரீன் உடைஞ்ச யாருக்காவது அது போதும்.