ஊருக்குப் போகும்போது எந்த அடப்டர்?

அடப்டர் வாங்கக் கடைக்குப் போகமுதல் சார்ஜரின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். 'இன்புட்' என்ற வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள 230 வோல்ட்டில் பயமில்லாமல் கொழுவலாம். போன், லப்டொப், கமரா சார்ஜர்கள் அநேகமாக இப்படித்தான் வரும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

இதில் மாட்டுப்படுவது பெரும்பாலும் கனடா, அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த 1500 வாற் ஹெயார் டிரையரை 230 வோல்ட்டில் போட்டால் 5500 வாற் அளவுக்கு இழுக்கும். கம்பி கருகும், இல்லாவிட்டால் பியூஸ் போகும். பரிசாகக் கொண்டுபோகும் ரைஸ் குக்கர், பிளெண்டருக்கும் இதே கதிதான். மின் பல் பிரஷ்ஷின் சார்ஜரையும் பார்த்துக்கொள்ளுங்கள், வட அமெரிக்காவில் விற்பவை பல அங்கத்தைய வோல்ட்டுக்கு மட்டுமே. வோல்ட் குறைக்கும் சின்னக் கொன்வேட்டர்களில் சில சூடாக்கும் சாமான்களுக்கு மட்டும் செய்தவை. அதில் லப்டொப்பைப் போட்டால் பழுதாகும்.

பலர் கவனிக்காதது, பெட்டிக்குள் வைத்துக்கொண்டுபோகும் கனடாவின் சேர்ஜ் புரொடெக்டர் பலகை, அதாவது பல பிளக்குகளைக் கொழுவுகிற, மிகை வோல்ட்டைத் தடுக்கிற பலகை. நான்கு போனையும் அதில் போடலாம் என்று நினைப்போம். உள்ளே மிகை வோல்ட்டைத் தடுக்கிற உறுப்பு 120 வோல்ட் லைனுக்கு அளந்து வைத்தது. 230 வந்ததும் அதையே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, சூடாகிக் கருகிவிடும். ஒரு குடும்பத்துக்கு நல்ல அடப்டர் ஒன்றும், மூன்று நான்கு யூஎஸ்பி வாய் உள்ள 65 வாற் சார்ஜர் ஒன்றும் போதும். ஐரோப்பாவின் 250 வோல்ட் பலகை என்றால் கொண்டுபோகலாம்.

இனி வடிவம். இலங்கையில் புது வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பிரித்தானியாவின் 13 ஆம்பியர் சதுரப் பின்தான், லண்டன்காரருக்கு அங்கே அடப்டரே தேவைப்படாது. பழைய வீடுகளில் மூன்று உருண்டை ஓட்டைகள் இருக்கும்: சின்னது 5 ஆம்பியர், பெரியது 15 ஆம்பியர். சின்னதுக்கு வாங்கிய அடப்டர் பெரியதில் பிடிக்காது. கலியாணச் சேலை எடுக்கச் சென்னையில் இறங்குகிறவர்களுக்கு அங்கேயும் உருண்டைப் பின்தான், 6, 16 ஆம்பியர் என்று சொல்வார்கள். அதனால் லண்டன்காரரும் உருண்டைப் பின் அடப்டர் ஒன்று வைத்திருப்பது நல்லது.

ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வேயிலிருந்து போகிறவர்களுக்கு வேறு சிக்கல். போன் சார்ஜரின் இரண்டு மெல்லிய பின்களும் அந்தச் சின்ன உருண்டை ஓட்டைக்குள் போகும், ஆனால் இறுகாது. உங்களுடைய பின் 4 மில்லிமீற்றர், அந்த ஓட்டை 5.1 மில்லிமீற்றர் பின்னுக்கு உரியது. தளர்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், பிளாஸ்டிக் கறுக்கும். விமான நிலையத்தில் விற்கும் 'உலக அடப்டர்' கட்டிகள் பலவற்றிலும் தடித்த உருண்டைப் பின் கிடையாது, இதே மெல்லிய பின்தான். பாரத்துக்கு அது சுவரிலிருந்து கழன்று தொங்கும். சதுரப் பின் சொக்கெற்றில் பேனையால் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்து இரண்டு பின்னைச் செருகுவது ஊர்ப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள்.

அடப்டரின் எர்த் பின் பிளாஸ்டிக்காக இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். உலோக உடல் உள்ள லப்டொப்பை அதில் சார்ஜ் போட்டுக்கொண்டு தடவினால் கையில் சுரசுரவென்று உணர்வீர்கள். அது பெரும்பாலும் சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம். பழைய வீடுகளில் சுவரிலேயே எர்த் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சுள்ளென்று அடித்தாலோ, ட்ரிப் சுவிச் விழுந்தாலோ அந்தச் சார்ஜரைத் திரும்பக் கொழுவ வேண்டாம்.

பவர் பாங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். அதில் எழுதியிருக்கும் கொள்ளளவு 100 வாற்-மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாக விடுவார்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) என்றால் 74 வாற்-மணி. கரண்ட் நின்றால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். திரும்ப வரும்போது வோல்ட் ஏறி இறங்கும், லைற் இரண்டு மூன்று நிமிடம் சீராக எரிந்தபிறகு கொழுவலாம்.