கமரா எச்சரிக்கைக் கருவி: வாங்கிய பிறகு விடும் பிழைகள்

லண்டனில் காரோட்டும் நம்மவர்களில் பலரிடம் இந்தச் சின்னக் கருவி இருக்கிறது. வேகக் கமரா வருமுன் 'பீப்' என்று கத்தும். போன பாதை, வேகம், நின்ற இடம் எல்லாவற்றையும் பதிந்தும் வைக்கும். நானும் ஆறு வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். கீழே வருபவை நானும் என் சொந்தக்காரரும் விட்ட பிழைகள்.

பலர் நினைப்பதுபோல் ஜிபிஎஸ் கருவி வீதியைப் பார்ப்பதில்லை. கார் நிற்கும் இடத்தைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். பட்டியல் பழசென்றால் அது சொல்வதும் பழசு. 2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில் குடியிருப்புப் பகுதி வீதிகளில் பெரும்பாலானவற்றின் வேக எல்லை மணிக்கு 30 மைலிலிருந்து 20 ஆனது. அதன்பின் அங்கே போன மச்சானின் கருவி 30 என்றே காட்டிக்கொண்டிருந்தது. எப்போது அப்டேட் செய்தாய் என்று கேட்டேன். "வாங்கின அண்டைக்குச் செய்தனான்" என்றான். தூரப் பயணத்துக்கு முதல் நாள் இரவு, சாமான் ஏற்றும்போதே வீட்டு வைஃபையில் அப்டேட் போட்டுவிடுங்கள்.

பாலத்தின் மேல் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கியோடு பொலிஸ் இப்போது நிற்கிறதா என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. லேசரை உணரும் கருவிகளும் உண்டுதான். ஆனால் 300 மீட்டர் தொலைவில் அந்தக் கதிரின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உங்கள் கருவி கத்துகிறது என்றால் கதிர் உங்கள் காரில்தான் விழுந்திருக்கிறது, வேகமும் அளந்தாயிற்று.

சராசரி வேகக் கமராக்கள் உள்ள இடத்தில் பீப் கேட்டதும் பிரேக், கமரா கடந்ததும் மறுபடி மிதி என்பது வீண்வேலை. இரண்டு கமராக்களுக்கு இடையிலான தூரத்தை, அதைக் கடக்க எடுத்த நேரத்தால் வகுத்துத்தான் அங்கே வேகம் வருகிறது. கருவியின் திரையில் தெரியும் 'சராசரி'யைப் பார்த்து ஆறுதலடைவதும் பிழை. சில கருவிகளில் அது வீட்டிலிருந்து புறப்பட்டது முதலான கணக்கு. மோட்டர்வே சர்வீஸில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்த இருபது நிமிடமும் அதற்குள் கரைந்திருக்கும்.

கடல் கடந்தால் கதையே வேறு. பிரித்தானியாவில் இப்படிக் கருவி வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. பிரான்ஸ் 2012 ஜனவரியில், கமரா இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் கருவிகளைத் தடைசெய்தது. 1,500 யூரோ வரை தண்டம். அதனால் அங்கே இவை 'அபாய வலயம்' என்று மட்டும்தான் சொல்லும்: மோட்டர்வேயில் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஊருக்கு வெளியே 2 கிலோமீட்டர், ஊருக்குள் 300 மீட்டர். கருவியை பிரான்ஸ் முறைக்கு மாற்றாமல் கலே துறைமுகத்தில் இறங்கக்கூடாது. ஜெர்மனியில் இதைப் பாவித்தால் 75 யூரோ தண்டமும் ஒரு தண்டப் புள்ளியும். பக்கத்து சீட்டில் இருப்பவரின் போனில் ஆப் ஓடினாலும் குற்றம்தான் என்று 2023இல் கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 'மனுசிதானே பார்த்தா' என்ற சாட்டு அங்கே எடுபடாது.

சுவிஸ் இன்னும் கடுமை. அங்கே பாவிக்கத் தேவையில்லை, காரில் கொண்டுபோனாலே குற்றம். பிடித்தால் பறித்து அழித்துவிடுவார்கள். பாசலில் இருக்கும் சித்தப்பா, நான் முதல்முறை காரில் வெளிக்கிட்ட அன்று போன் எடுத்துச் சொன்ன ஒரே புத்திமதி, "தம்பி, அந்தப் பெட்டியை வீட்டில வைச்சிட்டு வா" என்பதுதான். அணைத்து டிக்கியில் போட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது.

சில்லறைப் பிழைகளும் உண்டு. சூடாக்கும் முன்கண்ணாடி சிலவற்றில் மெல்லிய உலோகப் படலம் இருக்கும். அதன் பின்னால் வைத்தால் சிக்னல் தடுமாறும். ஸ்பீடோமீட்டர் 73 காட்ட, கருவி 70 காட்டினால் கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது சட்டம், அதனால் கம்பனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. கருவியை விற்கும்போது பழைய பதிவுகளை அழியுங்கள். தினமும் இரவு கார் எங்கே நிற்கிறது என்பது அதில் இருக்கிறது.

பதிவு விஷயத்தில் நான் வாங்கிய அடி ஒன்று. பாரிஸ் போய் வந்த சில வாரத்தில் ஒரு தண்டக் கடிதம் வந்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் எல்லையுள்ள வீதியில், பிற்பகல் 3.10க்கு, கூடிய வேகமாம். கருவியின் பதிவைக் கணினியில் திறந்தேன். 15:10 வரியில் வேகம் பூச்சியம்! அந்த நேரம் பிள்ளைகளோடு ஓய்விடத்தில் சாண்ட்விச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. மறுப்புக் கடிதம் அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். பின்னால் நின்று பார்த்த மகன், "அப்பா, இதில UTC என்று போட்டிருக்கு" என்றான். ஜிபிஎஸ் பதிவுகள் பல உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். கோடையில் பிரான்ஸ் அதைவிட இரண்டு மணி நேரம் முன்னால். 13:10 வரிக்கு ஏறிப் பார்த்தேன். 121.

சுணங்காமல் கட்டினால் 68 யூரோ 45 ஆகக் குறையும் என்று கடிதத்திலேயே இருந்தது. கட்டிவிட்டேன்.