புது டிஸ்க் போட்டும் நிற்காத பிரேக் அதிர்வு

நாகப்பட்டினத்தில் கடற்காற்றில் நிற்கும் என் டர்போ ஹேட்ச்பேக், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தாலே ஸ்டீயரிங்கை நடுங்க வைத்தது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதையே சாக்காக வைத்து, வரிவெட்டு போட்ட டிஸ்க்குகளையும் அவற்றை அழுத்திப் பிடிக்கும், கூடுதல் வெப்பம் தாங்கும் பேடுகளையும் வாங்கிப் பொருத்தினேன். அதிர்வு குறைந்ததே தவிரப் போகவில்லை. அடுத்து வீல் பேலன்சிங் செய்தேன். பிரேக்கைத் தொடாதபோது அதிராத காருக்கு அது வீண் செலவு. டாட் 3 ரகப் பிரேக் எண்ணெயை மாற்றி, 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4 ஊற்றியதும் நல்லதுதான், ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து.

ஐந்தாம் நாள், டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றியபோது பக்கவாட்டு ஆட்டம் 0.13 மில்லிமீட்டர் காட்டியது; 0.05க்குள் இருந்திருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டியும் ஆட்டம் உச்சம் காட்டிய மேடு, டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பின் அதே இடத்தில்தான் நின்றது. ஆகவே குறை டிஸ்க்கில் இல்லை. ஹப்பின் முகத்தில், இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, நகக்கண் அளவுக்குத் துரு செதிலாக ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் அதைத் தேய்த்தெடுத்ததும் அளவு 0.03க்கு இறங்கியது.

நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கினேன். பிறகு, சாலையில் நெல் காயப்போடுவதற்கு முன்பான விடியற்காலையில், முழுதாக நிறுத்தாமல் 60இலிருந்து 15 வரை பத்து முறை வேகம் குறைத்துப் பேடுகளைப் பழக்கினேன். ஸ்டீயரிங் இப்போது அசைவதில்லை. பழைய டிஸ்க்குகள் இன்னும் திண்ணையில்தான் கிடக்கின்றன. அவற்றில் குறையே இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.