ஏஐ கற்கும் புதிய பட்டதாரிகள் எங்கே சறுக்குகிறார்கள்

வேலை அனுபவம் இல்லாத பட்டதாரிகளின் ரெஸ்யூமேக்களைப் படித்து, அவர்களை இன்டர்வியூ எடுப்பது சில வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. ஏஐ வேலைக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் காட்டுவது ஒரே மூன்று பிராஜெக்ட்தான். டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்திருப்பார்கள் என்று கணிப்பது, கையால் எழுதிய எண்களை அடையாளம் காண்பது, ஐரிஸ் பூக்களை வகை பிரிப்பது. பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உழைப்பு அவர்களுக்கு வேலை வாங்கித் தருவதில்லை. அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

ஐரிஸ் தொகுப்பு 1936இல் ரொனால்ட் ஃபிஷரின் கட்டுரையில் வந்தது, மொத்தம் 150 பூக்கள். டைட்டானிக்கின் பயிற்சித் தரவில், அதாவது கணினி பார்த்துக் கற்கும் பகுதியில், 891 பயணிகள். எண்கள் தொகுப்பான எம்னிஸ்டில் 70,000 சின்னப் படங்கள். யாரோ சேகரித்து, அடுக்கி, விடையும் எழுதி வைத்துவிட்ட தரவு இது. முதல் இரண்டு வாரம் கை பழக இது போதும். அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. வேலையில் உங்களிடம் வரும் கோப்பில் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும், ஒரே ஊர்ப் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும், விடை என்கிற கட்டமே இருக்காது.

ஒரு முறை ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் ஒரே ஒரு பிராஜெக்ட், தக்காளி விலைக் கணிப்பு. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தைவாரியாகக் குறைந்த விலை, அதிக விலை, பரவலாக விற்ற விலை மூன்றும் குவிண்டால் கணக்கில் வெளியாகின்றன. அதை எடுத்து, அதிலிருந்து கற்று விலையைக் கணிக்கும் நிரலை, அதாவது மாடலை, செய்திருந்தாள். விடுமுறை நாட்களில் விலை இல்லை, அதை என்ன செய்தாள்? ஒரு நாள் விலை திடீரென்று பத்து மடங்கு, அது உண்மையா, கூடுதலாக ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டதா? அக்கம்பக்கச் சந்தைகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ததாகச் சொன்னாள். கடைசியில் அவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "'நேற்றைய விலையே இன்றைக்கும்' என்று கண்ணை மூடிச் சொல்வதைவிட என் மாடல் கொஞ்சம்தான் சார் மேல்."

தன் மாடலை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பலர் இதைச் செய்வதே இல்லை. "95 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்பார்கள். எதைவிட நன்றாக என்று கேட்டால் பதில் வராது. மூளையே செலவழிக்காத ஒரு எளிய விதியை முதலில் எழுதி, அதன் மதிப்பெண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் அதைத் தாண்டவில்லை என்றால் மாடலுக்கு வேலை இல்லை.

சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம், தரவுத் தொகுப்புகளும் போட்டிகளும் இருக்கும் காகிள் தளத்தில் பலரும் எடுத்துப் பழகும் கிரெடிட் கார்டு மோசடித் தரவு. ஐரோப்பாவில் 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் இருக்கின்றன. மோசடி வெறும் 492. இப்போது எதைக் கொடுத்தாலும் "மோசடி இல்லை" என்று சொல்லும் ஒற்றை வரி நிரல் எழுதினால், அது 99.8 சதவீதம் சரி! ஒரு திருடனைக்கூடப் பிடிக்காது. ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. 492இல் எத்தனையைப் பிடித்தது? மோசடி என்று கை காட்டியவற்றில் எத்தனை நிஜமாகவே மோசடி? இந்த இரண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். எந்தத் தவறு அதிக நஷ்டம் என்பதை வங்கியின் இடத்தில் நின்று யோசித்துச் சொல்பவரைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

இதன் கூடப்பிறந்த தவறு ஒன்று உண்டு. மாடலைச் சோதிக்க, அதாவது தேர்வுக்கு, ஒதுக்கி வைத்த தரவு பயிற்சிக்குள் கசிந்துவிடுவது. தக்காளி விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நாட்களையும் கலைத்துப் போட்டு, பயிற்சிக்கு எண்பது, தேர்வுக்கு இருபது சதவீதம் என்று பிரித்தால் என்ன ஆகும்? மாடல் புதன்கிழமை விலையைப் படித்துவிட்டு செவ்வாய்க்கிழமையைக் கணிக்கும். மதிப்பெண் அள்ளும், சந்தையில் உதவாது. தேதி இருக்கும் தரவை தேதிப்படிதான் வெட்ட வேண்டும். பழையதில் பயிற்சி, புதியதில் தேர்வு. மருத்துவப் படங்கள் என்றால் ஒரே நோயாளியின் படங்கள் இரண்டு பக்கமும் வரக் கூடாது. மதிப்பெண் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

அப்புறம், சாட்பாட். "பிடிஎஃப்பிடம் கேள்வி கேட்கலாம்" என்கிற பிராஜெக்ட்தான் இன்றைய டைட்டானிக். வீடியோ பார்த்து ஒரே மாலையில் செய்துவிடலாம், அதனால்தான் எல்லோரிடமும் இருக்கிறது. செய்வது தவறில்லை, சோதிக்காமல் விடுவதுதான் தவறு. ஏர் கனடாவின் சாட்பாட், குடும்பத்தில் துக்கம் நேர்ந்தவர்களுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. அதற்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் இழப்பீடு தரச் சொன்னது. ஐம்பது கேள்விகளையும் சரியான விடைகளையும் நீங்களே கைப்பட எழுதுங்கள். அதில் பத்துக் கேள்விக்கு அந்த ஆவணத்தில் விடையே இருக்கக் கூடாது. "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாடல் கதை விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். இந்த ஐம்பது கேள்விப் பட்டியலைக் காட்டுபவர் எனக்கு மிக அரிதாகவே கிடைக்கிறார்.

தமிழ் ஆவணங்களில் செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே நிஜமான சிக்கல்கள் இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவினால் ஆங்கில எழுத்துகளின் குப்பை வரும். முதலில் அதை எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் போன்ற கருவியால் படிக்க வைக்க வேண்டும். 'கி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, மேல் விலங்கு ஒன்று. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். இதனால் பல மாடல்களில் ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிக டோக்கன், அதாவது மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் துண்டுகள், செலவாகிறது. இதை அளந்து ஒரு அட்டவணை போட்டாலே அது பேச வேண்டிய விஷயம்.

ஏஐயை வைத்தே நிரல் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம், நாங்களும் எழுதுகிறோம். ஆனால் இன்டர்வியூவில் ஒரு வரியைக் காட்டி "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கும்போது மௌனம் நிலவினால், பிராஜெக்ட் முழுவதும் உங்களுடையது அல்ல என்று ஆகிவிடுகிறது. ஏஐயிடம் வாங்கிய நிரலில் ஒரு வரியை மாற்றுங்கள், என்ன நடக்கும் என்று தாளில் எழுதுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அந்த மௌனம் வராது.

சின்ன விஷயங்கள் சில. கணிதம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று காத்திருக்க வேண்டாம், தேவைப்படும் இடத்தில் படியுங்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லைச் சுலபம் என்று ஒதுக்காதீர்கள், முதல் வருட வேலையில் பெரும்பகுதி அதில்தான் போகும். ஒரு சேவையை உங்கள் பெயரில் பயன்படுத்த உதவும் ரகசியக் குறியான ஏபிஐ சாவியை, நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டு மறுநாள் அழித்தால் போதாது, பழைய பதிவில் அது கிடக்கும். சாவியையே ரத்து செய்யுங்கள். விலை உயர்ந்த லேப்டாப்பும் தேவையில்லை, காகிளும் கூகுள் கொலாபும் மாடல் பயிற்சிக்கு வேகம் தரும் ஜிபியு சில்லை இணையம் வழியாக அளவோடு இலவசமாகத் தருகின்றன.

பணம் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "வேலை உத்தரவாதம்" என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் கோர்ஸ்களில் கட்டணம் பல நேரம் கடனாக மாற்றப்படுகிறது. கடன் உங்கள் பெயரில், இன்னொரு நிதி நிறுவனத்திடம். கோர்ஸ் பாதியில் நின்றாலும் தவணை நிற்காமல் போகலாம். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் யாரிடம் கடன், வேலை என்பதற்கு என்ன விளக்கம், பணம் எப்போது திரும்பும் என்ற மூன்றையும் வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம், தேர்வு எழுதத்தான் கட்டணம். தமிழ்நாட்டில் இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு நான் முதல்வன் திட்டம் 2022 முதல் இருக்கிறது. சர்டிபிகேட்டை அடுக்குவதற்காக அல்ல, படிப்பதற்காக அதில் ஒன்றை எடுத்து முடியுங்கள்.

"அனுபவம்" என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது? தெரிந்த மருந்துக்கடை, அரிசி மண்டி, ஊர் நூலகம் ஒன்றுக்கு உதவும் சின்னக் கருவி செய்து கொடுங்கள். கையிருப்பு எப்போது தீரும் என்று சொல்வது போதும். வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் நீக்கிய தரவை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் அந்தக் கடைக்காரர் அதைப் பயன்படுத்தட்டும். இரண்டாம் நாளே ஏதாவது குறை சொல்வார். அவர் சொன்ன குறை, நீங்கள் மாற்றியது, மாற்றிய தேதி, மூன்றையும் கிட்ஹப்பில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.