குதிரையின் ஓட்டத்தை ஆராய விரும்பும் உடற்கூறியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை மருத்துவப் படிப்பில் உடற்கூறியல் முதலாம் ஆண்டிலேயே வந்துவிடும். தேர்வு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் அதை மறந்துவிட்டு சிகிச்சைப் பக்கம் போய்விடுவார்கள். சிலரை மட்டும், உடல்களை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால் விடாது. அவர்களிலும் ஓரிருவர், குதிரை எப்படி ஓடுகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடற்கூறியல் பாடம் நடத்துவதும் ஓட்டத்தை ஆராய்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் வருகின்றன.

பெயரோடு நின்றுவிடுவது

எலும்பையும் தசையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 'இது எதற்காக இப்படி இருக்கிறது?' என்று கேட்காமல் நகர்ந்துவிட்டால், ஆராய்ச்சிக்கான வாசல் அங்கேயே மூடிவிடும்.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் உடலோடு எலும்பால் இணைக்கப்படவில்லை; நெஞ்சுக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தசைகளால் தூளி போலத் தொங்குகிறது. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் பார்க்கும் மாணவருக்கு, ஓடும் குதிரையின் தோள் ஏன் அப்படி ஏறி இறங்குகிறது என்பது தானாகப் புரியும். தனித்தனியாக மனப்பாடம் செய்தவருக்குப் புரியாது.

இதைவிட நல்ல உதாரணம் ஒன்று உண்டு. குதிரையின் விரல் மடக்கும் தசைகளில் சில இழைகள் ஒரு சென்டிமீட்டர்கூட நீளம் இல்லாதவை. அந்தத் தசையோடு சேர்ந்த தசைநாணோ மிக நீளம். இவ்வளவு குட்டி இழை சுருங்கி எதைப் பெரிதாக இழுத்துவிடப் போகிறது என்று பலர் அதைக் கடந்து போயிருக்கிறார்கள். 2001இல் லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜைச் சேர்ந்த ஆலன் வில்சனும் உடன் பணியாற்றியவர்களும் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். குளம்பு தரையில் மோதும்போது கால் வேகமாக அதிர்கிறது. அந்த அதிர்வை அடக்குவதே இந்தக் குட்டி இழைகளின் வேலை என்றார்கள். இழையின் நீளத்தை அளக்கும் பொறுமை இருந்ததால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

மாட்டின் காலை வைத்துக் குதிரையை முடிவு செய்வது

நம் கல்லூரிகளில் மாடு, எருமை, ஆட்டை அறுத்துப் பார்க்கத்தான் அதிகம் வாய்ப்பு கிடைக்கும். அதில் குறையில்லை. ஆனால் 'குதிரையிலும் ஏறக்குறைய இதேதான்' என்று சொல்லி வகுப்பை முடிப்பது பெரிய தவறு.

பின்காலில் பெரோனியஸ் டெர்ஷியஸ் என்ற தசை இருக்கிறது. மாட்டில் அது சதைப்பற்றோடு இருக்கும். குதிரையில் முழுக்க முழுக்க நாண், சதையே கிடையாது. இதன் விளைவைக் கையால் உணர ஒரு வழி இருக்கிறது. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாத, புதிதாகக் கிடைத்த பின்காலை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூட்டை மடக்குங்கள். அதற்குக் கீழே உள்ள ஹாக் மூட்டை, அதாவது கணுக்கால் மூட்டைத் தொடவே வேண்டாம், அதுவும் கூடவே மடங்கும். முழங்காலை நீட்டினால் அதுவும் நீளும். முன்பக்கம் இந்த நாணும் பின்பக்கம், தோலுக்கு அருகே ஓடும் விரல் மடக்கும் மேல்நாணும் இரண்டு மூட்டுகளையும் ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கின்றன. இப்போது பெரோனியஸ் டெர்ஷியஸை மட்டும் கத்தியால் வெட்டிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். முழங்கால் மடங்கியிருக்கும்போதே ஹாக்கைப் பின்னால் நீட்ட முடியும். குதிகாலுக்கு மேலே உள்ள நாண் தொய்ந்து சுருக்கம் விழும். பெரோனியஸ் டெர்ஷியஸ் அறுந்த குதிரையைப் பரிசோதிக்கும் மருத்துவர் தேடுவதும் இதே அடையாளத்தைத்தான். ஐந்தே நிமிட வேலை. இதைச் செய்து பார்த்த மாணவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

இதே சோதனையைப் பதப்படுத்திய காலில் செய்ய நினைப்பது அடுத்த தவறு. ஃபார்மலின் திசுவை விறைக்க வைத்துவிடும். அமைப்பைப் பார்க்க அது போதும். இயக்கத்தைப் பார்க்க உதவாது. உயிருள்ள குதிரை கேலப்பில், அதாவது முழுவேகப் பாய்ச்சலில் ஓடும்போது முன்காலின் விரல் மடக்கும் மேல்நாண் தன் நீளத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் வரை நீள்கிறது. அறுந்துபோகும் அளவு அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பந்தயக் குதிரைகளுக்கு அந்த இடத்தில் ஏன் அடிக்கடி காயம் வருகிறது என்பதற்கு இதுவே பாதி பதில். மேசையில் கிடக்கும் கட்டை போன்ற நாணைக் காட்டி இதை யாருக்கும் புரிய வைக்க முடியாது.

கண்ணை மட்டும் நம்புவது

பாயும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டியபடி காற்றில் மிதப்பதாக ஓவியர்கள் காலங்காலமாக வரைந்து வந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் அதைப் பொய்யாக்கின. நான்கு காலும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும் நேரத்தில். குதிரையோடு வாழ்ந்தவர்களின் கண்ணுக்கே அது பிடிபடவில்லை.

நொண்டலைக் கணிப்பதிலும் இதே சிக்கல் வரும். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். இதை எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் ட்ராட் என்ற மிதவேக ஓட்டத்தில் பின்கால் நொண்டலும் தலையாட்டத்தை உண்டாக்கும். தலையை மட்டும் பார்த்துவிட்டு முன்காலைக் குறைசொல்லும் தவறு இங்கேதான் நேர்கிறது. இடுப்பின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, கருவி வைத்தால் தீர்ந்துவிடுமா? அங்கே இன்னொரு தவறு காத்திருக்கிறது: சமச்சீரின்மையும் (இடது வலது அசைவுகள் ஒத்துப்போகாமையும்) வலியும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது. ஸ்வீடனில், நொண்டல் இல்லை என்று உரிமையாளர்கள் நம்பிய 222 சவாரிக் குதிரைகளைச் சென்சார் வைத்து அளந்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். பத்தில் ஏழுக்கும் மேல், நொண்டலைக் கணிக்கப் பயன்படும் வரம்பைத் தாண்டிய சமச்சீரின்மை இருந்தது. பிறகு இதுபோன்ற குதிரைகளுக்கு மெலாக்ஸிகாம் என்ற வலிநிவாரணி கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்தச் சமச்சீரின்மை குறையவில்லை. அது வேறு வகை வலியா, பிறவியிலேயே உள்ள இடது வலது பழக்கமா என்று அளந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காலைத் தொட்டு, அழுத்தி, மடக்கிப் பார்க்கத் தெரிந்தவர் அப்போதும் தேவை.

தோலில் ஒட்டியதை எலும்பு என்று எடுத்துக்கொள்வது

அசைவை அளக்க மூட்டுகளின் மேல் அடையாளப் பொட்டுகளை ஒட்டிக் கேமராவில் பதிவு செய்வார்கள். காலின் கீழ்ப்பகுதியில் சதை இல்லை, தோல் எலும்பை ஒட்டியே இருக்கும், பிழை சிறிது. தோள்பட்டையிலும் தொடையிலும் அப்படியில்லை. குதிரை ஓடும்போது அங்கே தோல் எலும்பின் மேல் பல சென்டிமீட்டர் வழுக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் இதை விரிவாக அளந்து காட்டினார்கள். திரையில் அழகாக வரும் வளைகோட்டைக் கண்டு மயங்கி, தொடை எலும்பு இத்தனை டிகிரி திரும்பியது என்று எழுதுவது தவறு. உடற்கூறியல் ஆசிரியருக்கு இந்தக் குழுக்களில் இடம் இருப்பதே, தோலுக்கடியில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான்.

வேகத்தைக் குறிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேகம் கூடினால் குளம்பு தரையில் இருக்கும் நேரம் குறையும். சிகிச்சைக்கு முன் ஒரு வேகத்திலும் பின் வேறு வேகத்திலும் ஓடவிட்டு ஒப்பிட்டால், அளந்தது வேகத்தைத்தான், சிகிச்சையை அல்ல. டிரெட்மில்லுக்குப் புதிதாக வரும் குதிரையின் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதும் அப்படியே. அது பழகுவதற்கே பல முறை ஏற்றி இறக்க வேண்டும்.

வசதி வரட்டும் என்று காத்திருப்பது

பெரிய ஆய்வகம் இல்லை என்பது உண்மை. அதற்காகக் கேள்வியையே தள்ளிப்போடத் தேவையில்லை. கேலப்பில் ஒரு குதிரை நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அடிவைப்புச் சுற்றை (நான்கு காலும் ஒருமுறை தரையைத் தொடுவதை) முடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்) எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு படம்தான் கிடைக்கும். இப்போது பல கைபேசிகளில் இருக்கும் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் நூறு வரை கிடைக்கும். குளம்பு எப்போது படுகிறது, எப்போது எழுகிறது என்று கணக்கெடுக்க இது போதும். மெரினாவில் ஒரே குதிரை மணலிலும் கெட்டித் தரையிலும் நடப்பதைப் பார்க்கலாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தையில் பல இனங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். குதிரையை வைத்து முறையாகச் சோதனை செய்வதென்றால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். முடித்த பிறகு வாங்க முடியாது.

வேலை தேடும்போது

குதிரை ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பணியிடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மற்றபடி பெரும்பாலும் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் எல்லா விலங்கையும் கற்பிக்கும் வேலைதான். எம்.வி.எஸ்.சி. என்ற கால்நடை மருத்துவ முதுகலைப் படிப்பு, முனைவர் பட்டம், ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு என்று அந்தப் பாதையில் போய்க்கொண்டே குதிரைக் கேள்வியைக் கூடவே வளர்த்துவர வேண்டும். வகுப்பு எடுப்பதை ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் புதுக் கண்கள் அதே காலைப் பார்க்கின்றன. நல்ல கேள்விகள் அங்கிருந்தும் வரும்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் இயந்திரவியல் கணக்கையும் கொஞ்சம் நிரல் எழுதுவதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். எம்.வி.எஸ்.சி. காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். அப்புறம், குதிரை மீது எவ்வளவு ஆசை என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட, நீங்களே அளந்த ஒரு மூட்டின் அளவுகளையும், அதை எப்படி அளந்தீர்கள், எங்கே பிழை வரலாம் என்பதையும் இரண்டு பத்தியில் எழுதி இணைத்து அனுப்புங்கள்.