இடித்தது அவர், அலைவது நாமா? பிரிட்டனில் கார் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்: செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, முதல் காரை வாங்கி ஓட்டத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஊரில் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் படித்துவிட்டு விமானம் ஏறலாம். சொல்லியிருக்கும் சட்டமும் கால வரம்பும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில விஷயங்கள் மாறும்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் யாராவது நம் வண்டியை இடித்தால் கூட்டம் கூடும், ஒரு பெரியவர் நடுவில் வந்து பேசுவார், டிங்கரிங் செலவுக்கு ஒரு தொகை கைமாறும். பெரிய சேதம் என்றால் நம் இன்ஷூரன்ஸிலேயே க்ளெய்ம் போடுவோம். தப்பு நம்முடையதல்ல என்றாலும் அந்த வருட நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். பிரிட்டனில் கணக்கே வேறு. இடித்தவரின் இன்ஷூரன்ஸ்தான் உங்கள் நஷ்டம் முழுவதையும் கட்ட வேண்டும்: ரிப்பேர், மாற்று வண்டி, டாக்ஸி, இழந்த சம்பளம், குழந்தை சீட் வரை. ஆனால் அது தானாக வராது. சாலையோரத்தில் முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் சேர்க்கும் ஆதாரமும், முதல் இரண்டு நாளில் போடும் கையெழுத்தும்தான் மீதியை முடிவு செய்கின்றன. பெரும்பாலானோர் ஆதாரத்தில் கவனமாக இருக்கிறார்கள். கையெழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இடித்த இடத்தில்

வண்டியை நிறுத்துங்கள், ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தாலோ சாலை அடைத்துக்கொண்டாலோ இடித்தவர் ஓடிவிட்டாலோ 999. வெறும் தகரச் சேதத்துக்குப் போலீஸ் பெரும்பாலும் வராது. வரவில்லை என்று மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், ஊரில்போல எஃப்.ஐ.ஆர். இல்லாமல் க்ளெய்ம் நகராது என்று பயப்படவும் வேண்டாம். 1988 ரோடு டிராஃபிக் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி இருவரும் பெயர், முகவரி, வண்டி எண் கொடுத்தாக வேண்டும். வண்டி வேறொருவருடையது என்றால் அவருடைய பெயரும் முகவரியும். அங்கேயே பரிமாறிக்கொள்ள முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். அவசரமில்லாத விஷயத்துக்கு எண் 101.

போட்டோ எடுக்கும்போது நசுங்கிய இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். வண்டிகளை நகர்த்தும் முன் இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி, சாலைக் கோடுகளும் சிக்னலும் வருமாறு, நாலு பக்கமிருந்தும் தள்ளி நின்று எடுங்கள். எதிர் வண்டியின் நம்பர் பிளேட்டும் அதன் சேதமும் தனியே வேண்டும். அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் படத்தில் தெரியட்டும். ஒருவர் மட்டும் ஓட்டி வந்த வண்டியில் பிற்பாடு மூன்று பேருக்குக் கழுத்து வலி என்று க்ளெய்ம் வருவது இங்கே பழைய மோசடி. டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை அன்றே போனுக்கு மாற்றுங்கள், அல்லது மெமரி கார்டையே கழற்றி வையுங்கள். ஓட்ட ஓட்டப் பழைய பதிவின் மேல் புதியது எழுதிக்கொண்டே போகும். கூட வந்த மனைவியும் நண்பரும் சாட்சிதான். ஆனால் உங்களை அறியாத ஒரு வழிப்போக்கரின் பெயரும் போன் எண்ணும் அதைவிடப் பல மடங்கு பலம். அவர் நகர்ந்துவிடும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

“ஸாரி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் க்ளெய்ம் போய்விடுமோ என்று பலருக்குப் பயம். வருத்தம் தெரிவிப்பது மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006 காம்பென்சேஷன் சட்டமே சொல்கிறது. “நான் கவனிக்கவில்லை”, “என் தப்புதான்” என்பவைதான் ஆபத்து. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நாம் பழக்கத்தில் சொல்லும் “பரவாயில்லை, எனக்கு ஒன்றுமில்லை” என்பதும் அப்படித்தான். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழும்போது அந்த வாக்கியம் எதிராளியின் அறிக்கையில் இருக்கும்.

அந்த இடத்திலேயே கையில் பணம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பின்னாலிருந்து இடிபட்ட வண்டியைப் பாருங்கள்: வெளியே தெரிவது பிளாஸ்டிக் பம்பர் உறை. அடி வாங்கியதும் அது பழைய வடிவுக்கே மீண்டு, ஒரு கீறலோடு நிற்கும். உள்ளே அதைத் தாங்கும் உலோக பீம் வளைந்திருக்கலாம். பார்க்கிங் சென்சாரின் பிடி உடைந்திருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் தரை மடங்கியிருக்கலாம். டிக்கிக் கதவு மூடும்போது இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். புது வண்டிகளில் ராடாரையும் கேமராவையும் மறுபடி அளவுசரி செய்ய வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு. உறையைக் கழற்றாமல் யாராலும் தொகை சொல்ல முடியாது.

யார் தப்பு என்பது எப்போதும் வெளிச்சமாக இருக்காது. நின்றிருந்த வண்டியைப் பின்னாலிருந்து இடித்தால் பொதுவாக இடித்தவர் பொறுப்பு. ரவுண்டானாவுக்குள் லேன் மாறும்போதும், கார் பார்க்கில் இருவரும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஆதாரம் இல்லாவிட்டால் ஆளுக்குப் பாதி என்று முடித்துவிடுவார்கள். இங்கே ஆளுக்குப் பாதி என்பது நல்ல சமரசம் அல்ல. உங்கள் ரெக்கார்டில் அது பெரும்பாலும் தப்பு உங்களுடையது என்கிற க்ளெய்மாகத்தான் பதியும். டேஷ்கேம் பதிவு இருந்தால் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வழி, மூன்று விலை

எந்த வழியில் போனாலும் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும். க்ளெய்ம் போடாவிட்டாலும் “தகவலுக்காக மட்டும்” என்று பதியச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவது பாலிசி நிபந்தனையை மீறுவது.

முதல் வழி, உங்கள் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. அவர்கள் ரிப்பேர் செய்து கொடுத்து, செலவை எதிர் கம்பெனியிடம் வசூலிப்பார்கள். எக்ஸஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் உங்கள் பங்காக ஏற்க வேண்டியதை, நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டு வாங்கித் தருவது லீகல் கவர் என்கிற தனிச் சேர்க்கை. பாலிசி எடுக்கும்போது அதற்கு டிக் அடித்தீர்களா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் எதிர் கம்பெனிக்கு நீங்களே ரசீதோடு எழுதலாம். கர்ட்டஸி கார் என்று அவர்கள் தரும் மாற்று வண்டி சிறியதாக இருக்கும். அவர்கள் அங்கீகரித்த பட்டறையில் உங்கள் வண்டி நிற்கும் நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

இரண்டாவது வழி, எதிர் கம்பெனியிடம் நேரே போவது. தப்பை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் பல நேரம் இதுதான் வேகமானது. எக்ஸஸ் கிடையாது, மாற்று வண்டியும் தருவார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: போனில் இனிமையாகப் பேசும் அந்த ஊழியர் எதிர்த்தரப்பின் ஆள். தகராறு வந்தால், நிதிக் கம்பெனிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் உங்கள் சொந்தக் கம்பெனி மீதான புகாரைத்தான் விசாரிப்பார், எதிர் கம்பெனி மீதானதை அல்ல. அவர்களிடம் பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி கேளுங்கள்.

மூன்றாவது வழியில்தான் புதிதாக வந்தவர்கள் சிக்குகிறார்கள். ஆக்ஸிடென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி என்று ஒருவர் போன் செய்வார். “உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை, உங்கள் வண்டிக்கு நிகரான வண்டி நாளைக்கே வாசலில் நிற்கும்” என்பார். சில நேரம் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் லைனே உங்களை அங்கே மாற்றிவிடும். வருவது இலவச வண்டி அல்ல, கிரெடிட் ஹயர். சாதாரண வாடகைக் கடையைவிட அதிகமான நாள் வாடகையில் நீங்கள் கடனுக்கு எடுக்கும் வண்டி. கடன் உங்கள் பெயரில். எதிர் கம்பெனி கட்டினால் சரி. அது மறுத்தால் வழக்கு உங்கள் பெயரில் நடக்கும், நீங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும், சாதாரண வாடகைக்குப் பணமில்லை என்று காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் சம்பளச் சீட்டையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

வண்டி உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதா என்றும் கேட்பார்கள். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு, அந்த நாட்களிலும் வாடகை வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தால் அந்த நாட்களுக்கான பணம் கிடைக்காது. வீட்டில் இரண்டாவது கார் சும்மா நின்றாலும் அதே கேள்வி வரும். வாடகை ஓட்டத் தொழிலில் இருப்பவர்களுக்கும், எக்ஸஸ் கட்டக் கையில் பணமில்லாதவர்களுக்கும் கிரெடிட் ஹயர் சில நேரம் உதவும். அப்போதும் தெரிந்தே எடுங்கள். போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது என் பாலிசியில் வரும் கர்ட்டஸி காரா, கிரெடிட் ஹயரா? எதிர் கம்பெனி கட்டாவிட்டால் பாக்கியை யார் கட்டுவது?” பதிலை எழுத்தில் வாங்கும்வரை டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட வேண்டாம்.

உடைந்த வண்டி தனியார் யார்டில் நின்றால் நாள் கணக்கில் ஸ்டோரேஜ் கட்டணம் ஏறும். தேவையில்லாமல் ஏறவிட்டால் அதையும் எதிர் கம்பெனி குறைக்கும். முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்கோ பட்டறைக்கோ நகர்த்துங்கள்.

கணக்கு

வட்டிக் கடைக்குப் பேரேடு எழுதியதுபோல இதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், ரெஃபரன்ஸ் எண் ஒரு பக்கம், செலவு மறுபக்கம். எக்ஸஸ், டாக்ஸி, பஸ், மருந்து, லீவு போட்டதால் போன சம்பளம், உடைந்த கண்ணாடி. விபத்தில் வண்டியில் இருந்த குழந்தை சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றச் சொல்வது வழக்கம். புது சீட்டின் ரசீதைச் சேர்த்துக் கேளுங்கள். ரசீது இல்லாத செலவுக்கு மதிப்பில்லை.

ரிப்பேர் செய்வது கட்டாது என்றால் வண்டியை டோட்டல் லாஸ் என்பார்கள். விபத்துக்குச் சற்று முன் வண்டிக்கு இருந்த சந்தை விலை உங்களுக்கு உரியது. முதலில் சொல்லும் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதே வருடம், அதே மாடல், ஏறக்குறைய அதே மைல் ஓடிய வண்டிகளின் விற்பனை விளம்பரங்களைத் தேதியோடு சேமித்து, சர்வீஸ் ஹிஸ்டரியையும் இணைத்து எழுதுங்கள். உயர்த்தித் தருவது சாதாரணமாக நடக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளைச் சேதத்தைப் பார்த்து ஏ, பி, எஸ், என் என்று வகை பிரிப்பார்கள். எஸ், என் வகை வண்டிகளை வேண்டுமானால் திரும்ப வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம். ஏ, பி வகை மீண்டும் சாலைக்கு வரக் கூடாது. கார் ஃபைனான்ஸில் இருந்தால் பணம் முதலில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். உங்கள் பாலிசியிலேயே க்ளெய்ம் போட்டால், வண்டி போன பிறகும் மீதி மாதப் பிரீமியத் தவணைகளைக் கட்டச் சொல்வது பல பாலிசிகளில் உண்டு; அதே பாலிசியில் அடுத்த வண்டியைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

உடம்புக்கு அடி

கழுத்து வலி பல நேரம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஜி.பி. எனப்படும் உங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். 31 மே 2021 முதல் நடந்த விபத்துகளில், 5,000 பவுண்டு வரையிலான காயத்துக்கு அஃபிஷியல் இஞ்சுரி க்ளெய்ம் என்ற அரசு ஏற்பாட்டு இணையதளத்தில் வக்கீல் இல்லாமலே பெரியவர்கள் விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. விப்லாஷ் எனப்படும் கழுத்துச் சுண்டல் காயத்துக்கு மருத்துவ அறிக்கை இல்லாமல் தொகை பேசி முடிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுமதி இல்லை. அப்படி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். காயத்துக்கு 3 வருடம், வண்டிச் சேதத்துக்கு 6 வருடம் வழக்குத் தொடுக்க நேரம் உண்டு.

ஊரிலிருந்து வந்த அம்மாவோ ஆச்சியோ பின்சீட்டில் இருந்திருந்தால் அவர்களுக்கும் அதே உரிமை. விசிட்டர் விசாவில் வந்தவர் என்பது தடையல்ல. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்தால் விசிட்டருக்குப் பில் வரும். அந்தப் பில்லும் நஷ்டக் கணக்கில் சேரும். அவர்கள் தேவகோட்டைக்குத் திரும்பும் முன் இங்கேயே டாக்டரிடம் காட்டிப் பதிவை வாங்கிவிடுங்கள்.

இடித்தவரிடம் இன்ஷூரன்ஸே இல்லையென்றால் மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்கிற பொது அமைப்பு ஈடு கொடுக்கும். நம்பர் பிளேட்டை வைத்து எந்த வண்டி எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று அவர்களின் பதிவேட்டில் பார்க்கலாம். ஓடிப்போன வண்டியின் எண் தெரியாமல், சேதம் வண்டிக்கு மட்டும் என்றால் அங்கே பணம் பெயர்வது கடினம், உங்கள் காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான் கதி. எண் தெரிந்தால், இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்த க்ளெய்மில் எக்ஸஸையும் நோ கிளெய்ம் போனஸையும் காப்பாற்றித் தரும் பாலிசிகள் பல உண்டு.

அதே பதிவேட்டில் உங்கள் வண்டியையும் இன்றே தேடுங்கள். வாட்ஸ்அப்பில் மலிவாக பாலிசி விற்கும் போலி புரோக்கர்கள் புதிதாக வந்தவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். வாங்கியது போலி என்று இடிபட்ட அன்று தெரிந்தால் எல்லாம் தலைகீழ். இந்திய லைசென்ஸும் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதற்குள் இங்குள்ள தியரி, டிரைவிங் டெஸ்ட் இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

பணம் வந்த பிறகு

க்ளெய்ம் முடிவதற்குள் ரெனியூவல் வந்தால், எதிர் கம்பெனியிடம் பணம் வராதவரை உங்கள் க்ளெய்ம் திறந்திருப்பதாகவே கணக்கு. போனஸ் குறைந்து பிரீமியம் ஏறியிருக்கும். முழுத் தொகையும் வசூலானதும் “நான்-ஃபால்ட் (தப்பு உங்களுடையதல்ல) என்று மூடியாகிவிட்டது” என்று எழுத்தில் வாங்கி, போனஸைத் திரும்பச் சேர்த்து, கூடுதலாகக் கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தருவதில்லை. அடுத்த பாலிசிக்கான கேள்வித்தாளில், வழக்கமாக 5 வருடத்துக்கான க்ளெய்ம்களைக் கேட்பார்கள். தப்பு உங்களுடையதல்ல என்றாலும் எழுதியாக வேண்டும். கம்பெனிகள் எல்லாம் பார்க்கும் பொதுத் தரவுத்தளத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் கம்பெனி இழுத்தடித்தால் முறைப்படி புகார் என்று எழுதுங்கள். 8 வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை.