திரைக்கு முன் கூத்தாடும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தெருக்கூத்தை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு கடல் கடந்த கலை அது. இன்றைய பிள்ளைகளை அதன் பக்கம் இழுக்க, உடலசைவை அறியும் கேமராவும் திரையும் வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அவசரப்பட்டால் கருவி மிஞ்சும், கூத்து காணாமல் போகும்.

பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான்: கையை வீசினால் அடுத்த படம், உயர்த்தினால் பாட்டு. இது டிவி ரிமோட் செய்யும் வேலை. பார்க்க வந்தவர் கூத்தின் ஓர் அசைவைக்கூடத் தன் உடலில் உணராமல் வீடு திரும்புவார்.

அடுத்தது விரல் மோகம். கேமராப் படத்தில் உடலசைவைக் கண்டறியும் மீடியாபைப் போன்ற மென்பொருள் ஒரு கையில் 21 புள்ளிகளைப் பின்தொடரும். விரல் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதே என்று பரதநாட்டிய முத்திரைகளைக் கொண்டுவந்து கூத்து என்று காட்டிவிடுகிறார்கள். கூத்தின் உயிர் காலில் இருக்கிறது. அடவில், சுழற்சியில், தரை அதிர மிதிப்பதில் இருக்கிறது. முழு உடலையும் 33 புள்ளிகளாகப் படிக்கும் வசதியும் அதே மென்பொருளில் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள்.

அதிலும் நாங்கள் ஒரு பிழை செய்தோம். ஒரு கோயில் மண்டபத்தில் சோதித்தபோது புடவை கட்டிய பாட்டி ஒருவர் ஆசையோடு முன்னால் வந்தார். சிறு வயதில் கண்ட ஆட்டம் அவர் காலிலேயே இருந்தது. தாளம் பிசகாமல் மிதித்தார். திரையில் அவருடைய உருவமோ முழங்கால்கள் பின்னிக்கொண்டு துடித்தது. கொசுவத்துக்குள் கால் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குப் புரியவில்லை. “நான் தப்பாக ஆடுகிறேனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. கால்சட்டை போட்ட இளைஞர்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தோம். புடவை, வேட்டி, நாற்காலியில் அமர்ந்தவர், ஐந்து வயதுப் பிள்ளை என எல்லாரையும் நிறுத்திப் பாருங்கள். கால் தெரியாதவருக்குத் தோளும் மணிக்கட்டும் போதும் என்று அமைத்துவிடலாம்.

கூத்துக் கலைஞரின் அசைவைப் பதிவு செய்யும்போது கிரீடமும் புஜகீர்த்தியும் வேண்டாம். அகன்ற தோள்கட்டை உடலின் வடிவத்தையே மாற்றிக் காட்டும். அவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள், சில கேமராக்கள் அசைவை அறிய வீசும் அகச்சிவப்புக் கதிரைச் சிதறடிக்கும். வெயில் விழும் ஜன்னலும் அத்தகைய கதிரை நம்பும் கினெக்ட் போன்ற கருவிகளைக் குழப்பும். முதலில் ஒத்திகை உடையில் பதியுங்கள்.

மத்தள அடிக்கும் திரையின் அசைவுக்கும் இடையே தாமதம் தெரிந்தால் ஆடுகிறவர் நின்றுவிடுவார். அழகான படத்தைக் குறைத்தாவது வேகத்தைக் காப்பாற்றுங்கள். பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் காட்டாதீர்கள். ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட பேரப்பிள்ளைகள் இங்கே ஏராளம். ஆங்கில எழுத்திலும் தாருங்கள், வாய்விட்டுப் பாடுவார்கள். பிள்ளைகளின் உருவத்தைச் சேமிப்பதானால் பெற்றோரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் சட்டம் அதைக் கேட்கிறது. சேமிக்காமல் இருப்பதே நல்லது.

இப்போது நாங்கள் திரைப்பிரவேசத்திலிருந்து தொடங்குகிறோம். கூத்தில் இருவர் துணியைப் பிடித்திருக்க, அதன் பின்னே வேடம் நின்று பாடும். அதைப் போலவே இரண்டு பார்வையாளர்கள் கைகளை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். பாட்டு முடிந்து இருவரும் சேர்ந்து கையை இறக்கினால்தான் கணினித் திரையில் துரியோதனன் தெரிவான்.